கொசஸ்தலையாற்றில் உலோகம் இருப்பதை டாஃப்னியா காட்டிக்கொடுக்குமா?

மணலி புதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஐரோப்பாவில் இறால் வகையைச் சேர்ந்த ஒரு சின்ன உயிரைக் கூண்டில் போட்டு ஆற்றில் இறக்கி உலோக மாசைக் கண்டுபிடிக்கிறார்களாமே, அதே மாதிரி கொளத்தூரில் மீன் தீனிக்கு விற்கிற டாஃப்னியா என்ற சின்ன நீர்த்தெள்ளை வாங்கிவந்து கொசஸ்தலையாற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் என்ன, செத்துவிட்டால் ஈயமும் காட்மியமும் இருப்பது நிரூபணம் ஆகிவிடாதா, என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தண்ணீர் உயிரைக் கொல்லுமா என்பது ஒன்று. இந்த ஆற்றிலிருந்து உலோகம் உயிர்களின் உடம்புக்குள் போகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு டாஃப்னியா ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதன் சாவு பதிலே இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டாவதைத்தான் என்று உங்கள் கேள்வியைப் படித்தாலே தெரிகிறது, அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். நச்சுப் பொருட்கள் நீர்வாழ் உயிர்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. பெரும்பாலும் ஆய்வகத்துக்குள், கொஞ்சம் எண்ணூர்ச் சேற்றிலும்.

முதலில், பாட்டிலில் தண்ணீர் பிடித்து நேராக ஆய்வகத்துக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு எதற்கு ஒரு உயிரைத் தேடிப் போக வேண்டும்? ஒரு வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று தெரிந்துகொள்ள, நீங்கள் போன நேரத்தில் ஃபேன் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதுதான் பாட்டில் தண்ணீர். உயிரின் உடம்பு இபி மீட்டர். ஒரு ஆலை ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவைத் திறந்துவிட்டு நாலு மணிக்கு மூடிவிட்டால் காலையில் பிடித்த பாட்டிலில் ஒன்றும் இருக்காது, ஆனால் அங்கேயே கிடந்த உயிரின் உடம்பில் அது ஏறியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தண்ணீரில் இருக்கிற உலோகம் எல்லாம் உடம்புக்குள் போவதில்லை. வட சென்னைக் கால்வாய்களில் சாக்கடை கலந்து கரிமப் பொருள் ஏராளமாக இருக்கும், அது செம்பு போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கடினத்தன்மை உள்ளதாக இருந்தால் அதிலுள்ள கால்சியம் செவுளில் உலோகத்தோடு இடத்துக்குப் போட்டி போடும். ஆகவே இரண்டு இடத்துத் தண்ணீரில் மொத்த செம்பு ஒரே அளவு இருந்தாலும், ஒன்றில் உயிர் பிழைக்கும், இன்னொன்றில் சாகும். ஆய்வகம் தருகிற மொத்த அளவு இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

ஓட்டுடலிகளை, அதாவது இறால், நண்டு, டாஃப்னியா எல்லாம் அடங்கிய அந்தக் கூட்டத்தை, இதற்குத் தேர்ந்தெடுக்கவும் காரணம் இருக்கிறது. இவை ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளர்பவை. ஒவ்வொரு முறை புது ஓடு கெட்டியாகும்போதும் தண்ணீரிலிருந்து கால்சியத்தை வேகமாக உறிஞ்சும். காட்மியம் அயனியின் பருமன் கிட்டத்தட்ட கால்சியம் அயனியின் பருமன்தான், அதனால் கால்சியம் போகிற வழியிலேயே அதுவும் உள்ளே போய்விடும். ஓடு கழற்றிய கையோடு ஒரு இறால் காட்மியம் கலந்த தண்ணீரில் இருப்பதும், கெட்டி ஓட்டோடு இருப்பதும் ஒன்றல்ல. பழைய ஓட்டின் மேல் ஒட்டியிருந்த உலோகம் ஓட்டோடு போய்விடும் என்பது இதன் மறுபக்கம்.

ஐரோப்பாவில் இந்த வேலைக்கு எடுப்பது காமரஸ் என்கிற உயிர். பக்கவாட்டில் தட்டையாக, வளைந்து, ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளத்தில் இருக்கும், உதிர்ந்த இலையைத் தின்று வாழும். சுத்தமான ஒரு ஓடையிலிருந்து ஒரே அளவுள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து, பெரும்பாலும் ஆண்களை மட்டும், ஏனென்றால் பெண்ணின் முட்டைச் சுழற்சி கணக்கைக் கெடுக்கும், சிறு கூண்டுகளில் இலையோடு போட்டு, சந்தேகப்படும் இடத்தில் ஒரு வாரம்போல வைப்பார்கள். பிறகு எடுத்து உடம்பில் உலோகத்தை அளப்பார்கள். எவ்வளவு இலை தின்றிருக்கிறது என்பதையும் அளப்பார்கள், நச்சு ஏறினால் சாவதற்கு வெகு முன்பே தின்பதைக் குறைத்துக்கொள்ளும். பிரான்சில் இது ஆராய்ச்சி நிலையைத் தாண்டி ஆறுகளில் வழக்கமான கண்காணிப்புக்கே வந்துவிட்டது. இதில் பாடம் என்னவென்றால், அங்கே ஏற்கனவே வாழ்கிற உயிரைப் பிடித்து அளக்காமல், வரலாறு தெரிந்த உயிரைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பெற்றோர் கூட்டம், ஒரே அளவு, ஒரே காலம். அப்போதுதான் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஒப்பிட முடியும்.

காமரஸ் குளிர்ந்த தண்ணீர்க்காரன். காஷ்மீர் ஏரிகளில் உண்டு, நம் ஊர் வெயிலுக்கு வராது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, டாஃப்னியாவுக்கு வருவோம். கொளத்தூரில் மீன் குஞ்சுகளுக்கு என்று பாலித்தீன் பையில் துள்ளத் துள்ளக் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் மொய்னாவாக இருக்கும், டாஃப்னியாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கச் சோதனைக்குப் பயன்படுத்துகிற பெரிய டாஃப்னியா, டாஃப்னியா மேக்னா, 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வளர்க்கப்படுவது. நம் ஊர் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் அதை வைத்துச் சோதனை செய்தால் தண்ணீருக்கு முன்னால் வெயில் அதைக் கொன்றுவிடும். மொய்னா நம் ஏரி குளங்களின் சொந்த உயிர், 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும், அந்த வகையில் உங்களுக்கு அதுவே மேல்.

ஓஇசிடி என்கிற நாடுகளின் கூட்டமைப்பு வகுத்த 202-ஆம் எண் வழிமுறை இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று விளக்கமாகச் சொல்கிறது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள், ஒவ்வொரு அடர்த்திக்கும் குறைந்தது 20, ஐந்தைந்தாக நாலு கிண்ணத்தில் போட்டால் நல்லது, 48 மணி நேரம், இடையில் தீனி கிடையாது. கிண்ணத்தை மெதுவாக ஆட்டிவிட்டு 15 விநாடிக்குள் நீந்தவில்லை என்றால் அது அசைவற்றது என்று கணக்கு. சுத்தமான தண்ணீரில் வைத்த கூட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் அசைவிழந்தால் சோதனையே செல்லாது, குப்பையில் போட வேண்டியதுதான். இந்தக் கடைசி விதியைத்தான் வீட்டில் செய்து பார்ப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீர்க் கிண்ணத்தில் எல்லாம் செத்துப்போச்சு என்று படம் எடுத்துப் போடுவார்கள், பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. குழாய்த் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்று எடுத்துவிடாதீர்கள், அதில் குளோரின் இருக்கும், மொய்னா கூட்டத்தையே சீக்கிரம் காலி செய்யும். பழகிய குளத்துத் தண்ணீரையோ, குளோரின் நீங்க நன்றாக வைத்திருந்த தண்ணீரையோ எடுங்கள்.

ஒரு வழியாகச் சோதனையை ஒழுங்காகச் செய்தீர்கள், ஆற்றுத் தண்ணீரில் செத்தும் விட்டன. எதனால்? வட சென்னையில் இந்த இடத்தில்தான் சிக்கல். உலோகம் வருவதற்கு முன்னால் வரிசையில் நிற்கிற கொலைகாரர்கள் பலர். சாக்கடைத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. அம்மோனியா இருக்கும், அதுவும் தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அதன் நச்சு பல மடங்கு கூடும். சோப்புத் தூள் நுரை, கொசு மருந்து என்று பட்டியல் நீளும். மொய்னா சிவப்பாக மாறுவதைப் பார்த்துவிட்டு உலோகம் ஏறிவிட்டது என்று சிலர் நினைப்பதுண்டு. ஆக்சிஜன் குறைந்தால் அது உடம்பில் ஹீமோகுளோபினைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும், அந்தச் சிவப்பு அதுதான், உலோகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதில் உலோகத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இடிடிஏ என்று ஒரு பொருள், பல உலோக அயனிகளை நண்டு கவ்வுவதுபோல இறுகப் பிடித்துக்கொள்ளும், பிடிபட்ட உலோகம் உயிருக்குள் போகாது. ஒரே ஆற்றுத் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கொஞ்சம் இடிடிஏ கலந்து, இரண்டிலும் மொய்னா விடுங்கள். கலக்காததில் சாவு, கலந்ததில் பிழைப்பு என்றால் செம்பு, துத்தநாகம், காட்மியம், நிக்கல் மாதிரியான உலோகங்கள் மேல் சந்தேகம் வலுவாக விழும். அளவு மீறினால் இடிடிஏ கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு தானே கொல்லும், அதனால் நல்ல தண்ணீரில் அதே அளவு இடிடிஏ கலந்த மூன்றாவது கிண்ணமும் வேண்டும். இதன் ஓட்டை என்னவென்றால், ஆர்செனிக்கையும், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து வருகிற ஆறு இணைதிறன் குரோமியத்தையும் இடிடிஏ பிடிக்காது. அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து ஊறி வருகிறவற்றில் ஆர்செனிக்கும் செலினியமும் முக்கியமானவை. ஆக எண்ணூரில் இந்தச் சோதனை ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதை அப்படியே நம்பக் கூடாது. இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணீர் உப்பில்லாத நன்னீராக இருந்தால். நீங்கள் நிற்கிற ஆற்றின் வரைபடத்தைப் பாருங்கள். பூண்டியிலிருந்து தாமரைப்பாக்கம் வழியாக வருகிற கொசஸ்தலையாறு, மீஞ்சூர் பக்கம் வல்லூர் அணைக்கட்டு வரைக்கும் ஒரு ஆறு, அதற்குக் கீழே வேறு ஒரு ஆறு. கீழே கடல் தண்ணீர் ஓதத்தோடு ஏறி இறங்குகிறது, பக்கிங்காம் கால்வாய் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து சேருகிறது, எண்ணூர் முகத்துவாரத்தில் எல்லாம் ஒன்றாகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. டாஃப்னியா மேக்னாவுக்கு ஐந்தாறு கிராமே எமன், மொய்னாவின் கதையும் பெரிதாக மாறாது. மணலி புதுநகரிலிருந்து நடந்துபோய் சடையன்குப்பத்துப் பக்கம் ஒரு குடம் தண்ணீர் மொண்டு மொய்னா விட்டீர்கள் என்றால் அது உப்பில் செத்திருக்குமே தவிர ஈயத்தில் செத்திருக்காது, அதை வைத்து யாரையாவது குற்றம் சொன்னால் எதிர்த்தரப்பு ஆள் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார். தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கிற பேனா மாதிரியான கருவி, மீன் வளர்ப்புக் கடையில் கிடைக்கும், அதைத்தான் நீங்கள் முதலில் வாங்க வேண்டும். அணைக்கட்டிலிருந்து முகத்துவாரம் வரை ஓதம் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் அளந்து, உப்பு எதுவரை வருகிறது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் புழல் ஏரியைத் திறந்துவிட்டால் உபரிநீர்க் கால்வாய் வழியாக வடபெரும்பாக்கம், மணலி என்று நல்ல தண்ணீர் இறங்கி அந்தக் கோட்டைக் கீழே தள்ளிவிடும். கோடைக்கு அது மேலே ஏறும்.

கோட்டுக்கு மேலே, நன்னீரில், நான் கூண்டில் வைப்பது சிறு நன்னீர் இறால்களைத்தான். மொய்னாவின் உடம்பில் உலோகம் அளக்க வேண்டும் என்றால் ஆய்வகத்துக்குத் தேவையான சில பத்து மில்லிகிராம் உலர் எடைக்கே ஆயிரக்கணக்கில் வேண்டும், அது நடக்கிற காரியம் இல்லை. காரிடினா வகை இறால், நகம் நீளமே இருக்கும், கண்ணாடி மாதிரி, உள்ளே போன தீனி வெளியிலிருந்தே ஒரு கருங்கோடாகத் தெரியும். ஏரிக் கரையில் வேலம்பாசிக்குள் வலையை விட்டுத் தூக்கினால் மாட்டும். பெரிய ஆற்று இறால்கள் வேண்டாம், அவற்றில் சில முட்டை பொரிக்க உவர்நீருக்கு இறங்கி மறுபடி மேலே ஏறுகிறவை, எங்கே என்ன தின்றது என்று யாருக்குத் தெரியும். புகழ்பெற்ற செர்ரி இறாலைக் கொளத்தூரில் வாங்கிவந்து கூண்டில் போடலாமே என்று தோன்றும். அது வெளிநாட்டு உயிர், கூண்டு உடைந்தால் ஆற்றில் பரவிவிடும். தயவுசெய்து வேண்டாம். இறால் வளர்க்கிற பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததென்று செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் அதே தொட்டியில் மீன் பிழைத்து இறால் அத்தனையும் செத்துக் கிடந்த கதையை ஒவ்வொருவரும் சொல்வார்கள். இந்தக் கூட்டத்துக்குச் செம்பு அவ்வளவு ஆகாது.

கூண்டுக்கு ஒரு சாண் பி.வி.சி. குழாய் போதும், இரண்டு பக்கமும் நைலான் வலை, கட்டுவதற்கு நைலான் கயிறு. ஜி.ஐ. கம்பி வலையைத் தொடவே தொடாதீர்கள், அதன் மேல் பூச்சே துத்தநாகம். நீங்கள் அளப்பது ஆற்றின் துத்தநாகமா ஹார்டுவேர் கடையின் துத்தநாகமா என்று பிறகு பிரிக்க முடியாது. பித்தளைக் கொக்கி, பெயின்ட் அடித்த குச்சி, படகின் அடியில் பூசுகிற வண்ணத்துக்குப் பக்கத்தில் கட்டுவது, எல்லாம் அதே ரகம். தீனிக்குத் தண்ணீரில் ஊறி மக்கிய பாதாம் இலை, இறால் வளர்ப்பவர்கள் போடுவதும் அதுதான். ஓடு கழற்றின இறாலை மற்றவை தின்றுவிடும், அதனால் ஒளிந்துகொள்ள ஒரு கொத்து வலைத்துணியை உள்ளே சுருட்டிப் போடுங்கள். ஒரே ஏரியில் பிடித்தவற்றை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு அன்றைக்கே ஆய்வகத்துக்கு, அது ஆரம்பக் கணக்கு. ஒரு பங்கு சந்தேக இடத்துக்கு மேலே, ஒரு பங்கு கீழே. ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுத்தவுடன் அப்படியே உலர்த்தக் கூடாது, சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் வைத்துக் குடலைக் காலி செய்ய விட வேண்டும். அந்தக் கருங்கோடு மறைந்துவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். இதைச் செய்யாவிட்டால் இறாலின் உடம்பை அளக்காமல் அது விழுங்கிய சேற்றை அளந்துகொண்டிருப்பீர்கள், சாம்பல் படிந்த இடத்தில் அது எவ்வளவு பெரிய பொய்க் கணக்காகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி வருகிற எண்ணைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இறால், நண்டு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின், அதன் நடுவில் இருப்பதே செம்பு. ஆகவே சுத்தமான ஏரி இறாலிலும் செம்பு கணிசமாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. துத்தநாகம் இன்னும் மோசம். பின்னாளில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன பிலிப் ரெயின்போ என்ற விலங்கியலாளர் 1980-களில் இதை ஒப்பிட்டுப் பார்த்தார். இறால் தன் உடம்பின் துத்தநாகத்தைக் கிராம் உலர் எடைக்கு 100 மைக்ரோகிராமை ஒட்டிய அளவில் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்கிறது, தண்ணீரில் எவ்வளவு ஏறினாலும் ஒரு எல்லை தாண்டும்வரை உடம்பின் எண் மாறுவதில்லை. அதாவது இந்த மீட்டர் சில உலோகங்களுக்கு ஓடவே ஓடாது. காமரஸ் போன்றவற்றில் கொஞ்சம் ஓடும். ஆகவே உங்கள் இறாலில் துத்தநாகமும் செம்பும் மேலும் கீழும் ஒரே மாதிரி வந்தால் ஆறு சுத்தம் என்று அர்த்தம் இல்லை. உடம்புக்குத் தேவையே இல்லாத காட்மியம், ஈயம், பாதரசம் இவற்றைத்தான் இறாலில் பார்க்க வேண்டும், அவற்றை அது அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை.

ரெயின்போவின் ஒப்பீட்டில் மூன்றாவதாக இருந்த உயிர் பார்னக்கிள். எண்ணூர் பாலத் தூண்களிலும், கட்டிப்போட்ட படகுகளின் அடியிலும், வெள்ளையாக எரிமலை வாய் மாதிரி ஒட்டிக் கிடக்குமே, காலை வைத்தால் கிழித்துவிடுகிற அதுதான். சிப்பி வகை என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது இறாலின் இனம், தலைகீழாகப் படுத்து, ஓட்டுக்குள்ளிருந்து கால்களை விசிறி மாதிரி வீசித் தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கும்போது ஒரு தூண் பக்கத்தில் குனிந்து பார்த்தால் அந்தக் கால்கள் உள்ளே போய் வெளியே வருவது தெரியும். இது உள்ளே போன துத்தநாகத்தை வெளியே விடுவதில்லை, சிறு மணிகளாக்கி உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது, கிராமுக்குப் பல ஆயிரம் மைக்ரோகிராம் வரை ஏறும். உப்புக்குப் பழகியது, ஓதம் இறங்கினால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும், இடம் மாறவே மாறாது. ஆக உப்புக் கோட்டுக்குக் கீழே உங்களுக்கு வேண்டிய உயிர் ஏற்கனவே அங்கே தூணில் காத்திருக்கிறது. கேள்வி நன்னீர் உயிரைப் பற்றியதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் பாதி நன்னீர் இல்லை என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தூணில் இருக்கிற பார்னக்கிளின் வயது தெரியாதே என்றால், சொரசொரப்பான கூரை ஓடுகளைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டுப் புதிதாக ஒட்டுவதற்குக் காத்திருக்கலாம், அப்போது வயது கையில் இருக்கும். ஆளியும் பச்சைச் சிப்பியும்கூட நல்லவைதான், எட்வர்டு கோல்ட்பெர்க் 1975-இல் கடற்கரை முழுக்கச் சிப்பிகளை வைத்தே மாசைக் கண்காணிக்கலாம் என்று முன்வைத்ததிலிருந்து உலகில் அதிகம் அளக்கப்பட்டவை அவைதான். அவற்றை மக்கள் பொறுக்கித் தின்பதால் ஒரு இடத்தில் தொடர்ந்து இருக்குமா என்பதுதான் பிரச்சினை.

இது வரைக்கும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி உறுதி குறைந்த பகுதி. இறாலில் காட்மியம் மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கம் கூடுதல் என்று வந்தால், நடுவில் எங்கோ காட்மியம் சேர்கிறது, அது உயிருக்குள் போகிற வடிவத்தில் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அதனால் அந்த இறாலுக்குக் கெடுதல் நடந்ததா என்று சொல்வது கடினம், ஏனென்றால் உள்ளே போன உலோகத்தின் ஒரு பகுதியை மெட்டலோதயோனின் என்ற புரதம் கட்டிவைத்துச் சும்மா ஆக்கிவிடும், உடம்பின் மொத்த எண் அந்தக் கட்டிவைத்ததையும் சேர்த்துத்தான் காட்டும். யார் விட்டது என்று சொல்வது அதைவிடக் கடினம். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடும் மாசுப் பகுதிகள் பட்டியலில் மணலியைச் சேர்த்தது, அங்கே ஒரே ஒரு குழாய் மட்டும் ஆற்றில் விழவில்லை. இன்னொன்று, பழைய சேறு. கால்வாயின் அடியில் அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்பாகக் கிடக்கிறதே, அந்தச் சல்ஃபைடு உலோகங்களை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, கலக்காமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. தூர் வாரினாலோ, வெள்ளம் புரட்டினாலோ காற்றுப் பட்டு அது அவிழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் வரை பரவியது ஊருக்கே தெரியும், எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. அதே வெள்ளம் புரட்டிய சேற்றைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. ஆகவே வெள்ளத்துக்கு அடுத்த வாரம் கூண்டு வைத்து எண் கூடுதலாக வந்தால், நேற்று விட்டதா இருபது வருடத்துக்கு முன்னால் விட்டதா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. என் கணிப்பு, நம் கால்வாய்களில் பழையதன் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம் என்பது. இது கணிப்புதான்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது, ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தருகிற என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், தண்ணீருக்கு அங்கீகாரம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் உயிர்த்திசு அளந்து பழகியவர்கள் இல்லை. சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுத் திசு ஒன்றை உங்கள் மாதிரியோடு சேர்த்து ஓட்டுவார்களா என்று கேளுங்கள். கனடா நாட்டு ஆய்வுக் கழகம் கல் இறாலின் கல்லீரல்-கணையச் சுரப்பியிலிருந்து செய்து விற்கிற டார்ட் என்ற பொடி இதற்கென்றே இருக்கிறது, அதில் உலோகம் எவ்வளவு என்று ஏற்கனவே தெரியும், அவர்கள் எண் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். இறாலே போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் ஓட்டிய வெற்று மாதிரியின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வந்த எண்ணை ஐ.எஸ். 10500 குடிநீர் அளவோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். அதில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 என்பதெல்லாம் குடிக்கிற தண்ணீருக்கு. உலர்ந்த இறாலின் கிராமுக்கு இத்தனை என்பது வேறு கணக்கு, உங்கள் ஒப்பீடு உங்கள் மேல்பக்கக் கூண்டோடும் ஆரம்பக் கணக்கோடும்தான்.

நிரூபணம் என்று கேட்டீர்கள். சட்டம் என் துறை இல்லை, இருந்தாலும் இவ்வளவு சொல்லலாம். 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, கழிவுநீர் மாதிரியை அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அந்தப் பகுப்பாய்வு வழக்கில் சாட்சியாக நிற்கும். உங்கள் கூண்டு இறால் அந்த இடத்தில் நிற்காது. அது நிற்கிற இடம் வேறு, அதிகாரியை எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த உலோகத்துக்காக மாதிரி எடுக்க வைக்க வேண்டும் என்று சொல்கிற இடம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த விவகாரத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் தீர்ப்புச் சொன்னதற்கு முன்னால் நிபுணர் குழு போய் அளந்தது, அந்த மாதிரிக் குழுவிடம் எங்கே அளக்க வேண்டும் என்று சொல்ல உள்ளூர் ஆட்களிடம் ஒரு வரைபடம் இருந்தால் வேலை சுருங்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மழைக்காலம் முடிகிற தறுவாயில், தை மாத வாக்கில் ஆரம்பிப்பேன், வெள்ளமும் இருக்காது, கோடை உப்பும் ஏறியிருக்காது. மின்கடத்துதிறன் பேனா, வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே இரண்டு இறால் கூண்டு, கீழே பாலத் தூணில் பார்னக்கிள், அவ்வளவுதான். காட்மியமும் ஈயமும் இரண்டிலும், துத்தநாகம் பார்னக்கிளில் மட்டும் கேளுங்கள், ஆய்வகக் கட்டணம் குறையும். கூண்டு கட்டப் போகும்போது பக்கத்துக் குப்பத்து ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் யாரோ பொறி வைத்துவிட்டான் என்று அடுத்த நாளே எடுத்து உதறிவிடுவார்கள். இறங்கும்போது ரப்பர் பூட்ஸும், பார்னக்கிள் சுரண்டக் கெட்டியான கையுறையும் பிளாஸ்டிக் கரண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம்.